படத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

“எல்லாம் கொப்பி அடிச்சிருக்குதுங்க மிஸ்” என்றார் சுகந்தி டீச்சர்.

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. பெயர் வேண்டாம். அங்கே தரம் எட்டுக்குத் தமிழ் படிப்பிக்கிறவர் சுகந்தி டீச்சர். நான் சனிக்கிழமைகளில் ஹட்டனிலிருந்து பஸ் பிடித்துப் போய் அதே பிள்ளைகளுக்குக் கதை எழுதச் சொல்லிக் கொடுக்கிறேன். நான் ஆசிரியை இல்லை. பத்திரிகைக்குப் பத்தி எழுதுகிறவள், அவ்வளவுதான். ஆனாலும் பிள்ளைகள் என்னையும் மிஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள். ஒரே படம், ஒரே கேள்வி – ஒரே பதில்.

“எல்லாத்துக்கும் ஒரு சைபரைப் போட்டு விடுங்க. அப்பதான் புத்தி வரும்.”

நான் போடவில்லை. கொப்பி அடிக்கிற பிள்ளை அடுத்தவனின் வசனத்தையும் சேர்த்தே அடிக்கும். எழுத்துப் பிழை கூட அப்படியே வரும். இவர்கள் ஒரே விஷயத்தை ஆளுக்கொரு மாதிரி எழுதியிருந்தார்கள். அது கொப்பி இல்லை. வேறு ஏதோ...

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

நம் பிள்ளைகளுக்குக் கட்டுரை வரும். கதை வராது. ஏன் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? ‘நான் ஒரு குடை பேசுகிறேன்’ என்று கொடுத்துப் பாருங்கள். கடகடவென்று எழுதுவார்கள். எல்லாம் பாடமாக்கியது. குடை ஒரு கடையில் பிறக்கும். நல்லவர் ஒருவர் வாங்குவார். கடைசியில் கிழிந்து மூலையில் கிடந்து, ‘என் வாழ்வு பிறருக்குப் பயன்பட்டது’ என்று சொல்லிச் சாகும். இந்த மலையில் எந்தக் குடையாவது அப்படிச் செத்திருக்கிறதா? காற்றில் கம்பி முறிந்து சாக்கடைக் கானுக்குள்தானே கிடக்கிறது! அதை எழுதினால் மார்க் கிடையாது.

அதனால்தான் படப் புத்தகங்களைக் கொண்டு போனேன். வெளிநாட்டில் இருக்கும் சிநேகிதி ஒருத்தி ஒரு பெட்டி நிறைய அனுப்பியிருந்தாள். எழுத்தே இல்லாத புத்தகங்கள். படம் மட்டும். வசனம் இல்லாவிட்டால் பாடமாக்க முடியாது அல்லவா? அதுதான் என் திட்டம்.

முதல் நாள் பிள்ளைகளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“மிஸ், இது நர்சரிப் பிள்ளைக பாக்குறது. நாங்க எட்டாம் வகுப்பு” என்றாள் நிரோஷினி. ஒல்லியான பெண். முன் வரிசை. எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பவள்.

“அப்ப இதுக்கு ஒரு கதை சொல்லு பாப்போம்.”

“சொல்றேன். என்னா பெரிய விஷயம்?”

புத்தகத்தில் ஒரு வாத்துக் குடும்பம். அம்மா வாத்து, அப்பா வாத்து, குஞ்சுகள். அடுப்பில் சட்டி கொதிக்கிறது. ஜன்னலுக்கு வெளியே மழை. சுவரில் சட்டம் போட்ட பெரிய படம் ஒன்று – தொப்பி வைத்த தாத்தா வாத்து.

“மிஸ், சட்டியில என்னா வேகுது? கோழியா?” – பின் வரிசையிலிருந்து சுதன்.

“வாத்து கோழி திங்குமாடா லூசு?”

“தொப்பியப் பாருங்க மிஸ்! நம்ம கண்டாக்கையா மாதிரியே இல்ல? ஏய், வேலையப் பாருங்க, வேலையப் பாருங்க...”

மலையில் நின்று வேலை வாங்குகிற கண்டாக்கையாவின் குரலிலேயே சுதன் சொல்ல, வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சந்தோஷத்தில் அவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன்.

“கதையில எதையும் எழுதலாம். இது நெசமா, பொய்யான்னு உங்கள யாரும் கேக்க மாட்டாங்க. யார்கிட்டயும் போய்ச் சொல்லவும் மாட்டாங்க. கதை கதைதான்.”

கதை சொல்லிக் கொடுக்கிற எல்லாரும் சொல்வதுதான். பிறகு கேள்வியைக் கொடுத்தேன். படத்தில் தெரிவதை எழுதாதீர்கள், தெரியாததை எழுதுங்கள். அந்தத் தாத்தா வாத்துப் படத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

இதே கேள்வியை ஹட்டன் டவுனில் ஒரு வகுப்பில் கேட்டிருக்கிறேன். ரகசியக் கதவு என்றார்கள். புதையல் என்றார்கள். பேய் என்றார்கள். தாத்தா வாத்தின் இன்னொரு பெண்சாதியின் படம் என்று ஒரு பிள்ளை எழுதியது.

மஸ்கெலியாவுக்கு மேலே எழுதினார்கள்: வெடிப்பு.

படத்துக்குப் பின்னால் சுவர் வெடித்திருக்கிறது. அதை மறைக்கத்தான் தாத்தா வாத்தை மாட்டியிருக்கிறார்கள். ஒருத்தனின் கதையில் வெடிப்புக்குள் பல்லி குடித்தனம் நடத்தியது. ஒருத்தியின் கதையில் குஞ்சு வாத்து பென்சிலை வெடிப்புக்குள் போட்டுவிட்டு அழுதது. இதைத்தான் சுகந்தி டீச்சர் கொப்பி என்றார்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் கேட்டேன். “வெடிப்பு இருக்குன்னு யாரு முதல்ல சொன்னது?”

ஒருவரையொருவர் பார்த்தார்கள். பயந்த பார்வை இல்லை. இது என்ன கேள்வி என்கிற பார்வை.

“யாரும் சொல்லல மிஸ். செவுத்துல படம்னா அதுக்குத்தானே மாட்டுறது?”

“எதுக்கு?”

“வெடிப்ப மறைக்க.”

இது கூடத் தெரியாமல் ஒரு மிஸ்ஸா என்று சுதன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் எனக்குப் பாடம் எடுத்தார்கள். சாமிப் படம் சின்னது, பத்தாது. கலண்டர்தான் நல்லது. அதிலும் நகைக்கடைக் கலண்டர் என்றால் நல்ல நீளம்.

“மேல மட்டும் ஆணி அடிச்சா ஆடும் மிஸ். வெடிப்புக்குள்ள இருந்து காத்து வருமில்ல? கீழயும் ரெண்டு ஆணி அடிச்சிரணும்.”

“மாசம் முடிஞ்சிருச்சுன்னு தாளக் கிழிக்கக் கூடாது. கிழிச்சா மெலிஞ்சிரும். அந்தப் பக்கம் தெரியும்.”

“எங்க வீட்டுல இன்னும் ஜனவரிதான் மிஸ்!”

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நிரோஷினி எழுந்து தன் கதையை வாசித்தாள். அம்மா வாத்து தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தாத்தா படத்தைத் தூக்கிப் பார்க்கும். வெடிப்பு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும். ‘வாத்துக்கு விரல் இல்லை. அதனால் அலகை விட்டுப் பார்த்தது. முந்தி அலகின் நுனி மட்டும் போனது. மழைக்குப் பிறகு கண் வரைக்கும் போனது. உள்ளே இருட்டாக இருந்தது. அம்மா வாத்து படத்தை மூடிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனது.’

இவ்வளவுதான் கதை. நல்லவர் இல்லை, கெட்டவர் இல்லை, கடைசியில் பாடமும் இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதியது. நான் பல வருடமாக எழுதுகிறேன், இப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை.

“உங்க வீட்டுல யாரு அளக்குறது?” என்று கேட்டேன்.

“அம்மா. விரல விட்டு” என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கடைசியாகப் பெய்த பெருமழையில் இந்த மலைகளில் எங்கெங்கே மண் இறங்கியது, யார் யார் அடியில் போனார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மழை விட்ட பிறகு தொழிலாளர்களின் வரிசை வீடுகளை அதிகாரிகள் லயம் லயமாக வந்து பார்த்தார்கள். சுவர் வெடித்திருந்தால் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. சரி, நியாயம்தான். எங்கே போவது? அதற்குப் பதில் இல்லை.

பதில் இல்லை என்று கூடச் சொல்ல முடியாது. ஒரு பதில் இருக்கிறது. அதே தோட்டத்தில், முன்பொரு மழையில் கீழ் லயத்துக்காரர்களை இப்படித்தான் வீட்டை விட்டு எழுப்பினார்கள். கொஞ்ச நாளைக்கு என்று சொல்லிப் பழைய ஸ்டோரில் கொண்டு போய் விட்டார்கள். ஸ்டோர் என்றால் மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலை. இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். இதைக் கண்ணால் பார்த்தவன் எவன் தன் வீட்டு வெடிப்பைக் காட்டுவான்? அதிகாரிகள் வருகிறார்கள் என்று சத்தம் கேட்டதும் லயம் முழுக்கக் கலண்டர் ஏறிவிடும்.

வகுப்பு முடிந்ததும் நிரோஷினியோடு அவள் வீட்டுக்குப் போனேன்.

லயத்தின் கடைசி வீடு. பின்னால் மலை. பின்னால் என்றால் கை நீட்டினால் தொடும் தூரத்தில். அவள் அப்பா செல்வராஜ் வாசலில் உட்கார்ந்து தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

“கலண்டரத் தூக்குங்க. பாக்கணும்.”

அவர் மகளைப் பார்த்தார். “என்னாத்தப் போய்ச் சொன்ன?”

“வாத்துக் கதைதாம்ப்பா எழுதினேன்.”

“விடுங்க, பாக்கட்டும்” என்று உள்ளேயிருந்து குரல். அவள் அம்மா ராணி. கொழுந்து பறித்துவிட்டு வந்து கால் கூடக் கழுவியிருக்கவில்லை. பின் சுவருக்குப் போய்க் கலண்டரின் கீழ் ஆணிகளைப் பிடித்து இழுத்தார். கையோடு வந்துவிட்டன. அந்தச் சுவருக்கு ஆணியைப் பிடித்து வைக்கக் கூடத் தெம்பு இல்லை.

கையை வைத்துப் பார்த்தேன். விரல்கள் போயின. பிறகு உள்ளங்கையும் போனது. உள்ளே ஈரம். மண் வாசனையோடு குளிர் காற்று.

“இதுக்குக் கீழ பிள்ளைகளப் போட்டுட்டு எப்படித் தூங்குறீங்க?” என்று கத்தினேன்.

“தூங்குறோம்னு யாரு சொன்னா?” என்றார் செல்வராஜ்.

ராணி சொன்னார். “மழைன்னா மாத்தி மாத்தி முழிச்சிருப்போம் டீச்சர். இவரு கொஞ்சம், நான் கொஞ்சம். வெடிப்புல காத வச்சா மண்ணு நகர்றது கேக்கும்னு சொல்றாங்க.”

“கேட்டிருக்கா?”

“மழைச் சத்தத்துல என்னா கேக்கும்...”

“ஜீ.எஸ். மாத்தயாகிட்டச் சொல்லுங்க. வேற எடம் தருவாங்க” என்றேன்.

செல்வராஜ் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “டீச்சர், நீங்க பேப்பர்ல எல்லாம் எழுதுற ஆளு. இப்பிடிப் பேசலாமா? எந்த எடம்? காட்டுங்க, இப்பவே பெட்டியத் தூக்குறேன். ஸ்டோருக்குத்தான் அனுப்புவானுங்க. அங்க சேலையக் கட்டிப் பிரிச்சுக்கிட்டுப் படுத்திருக்காங்க. வயசுக்கு வந்த பிள்ளைய நான் அந்தச் சேலைக்குப் பின்னாடி படுக்க வைக்கவா? இங்கயாவது ஒரு கதவு இருக்கு.”

“மலை வந்தா கதவு நிக்குமா?”

“இன்னும் வரலையே.”

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். “யார்கிட்டயும் சொல்லிராதீங்க டீச்சர்.”

சொன்னேன். கிராம சேவகரின் கந்தோர் திறந்த முதல் நாளே போய்ச் சொன்னேன்.

வந்தார்கள். இந்தத் தடவை கலண்டர்களைத் தூக்கிப் பார்த்தார்கள். அந்த லயத்தில் வெடிக்காத வீடு ஒன்று கூட இல்லை. குடியிருக்க உகந்ததல்ல என்று கதவுக்குக் கதவு தாள் ஒட்டினார்கள். தோட்ட நிர்வாகம் பெரிய மனசு பண்ணி ஒரு லொறி கொடுத்தது. லொறி ஸ்டோருக்குப் போனது. செல்வராஜ் சொன்ன அதே ஸ்டோருக்கு.

நான் செய்தது சரியா, தப்பா என்று எனக்குக் கடிதம் எழுதிக் கொண்டிருக்காதீர்கள். அந்தச் சுவருக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பஸ் ஏற என்னால் முடியாது. நாளைக்கு இன்னொரு சுவரைப் பார்த்தாலும் போய்ச் சொல்வேன். என் கோபம் வேறு இடத்தில்.

ஒட்டுவதற்குத் தாள் இருக்கிறது. கோந்து இருக்கிறது. ஒட்டிய பிறகு ‘அங்கே போய் இருங்கள்’ என்று கையை நீட்டிக் காட்ட ஒரு துண்டு நிலம் இல்லை. தோட்டத்தைக் கேட்டால், நிலம் அரசாங்கத்தினுடையது, நாங்கள் குத்தகைக்காரர்கள் என்கிறார்கள். அரசாங்கக் கந்தோரில் கேட்டால், தோட்டம் விட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். கண்ணுக்கு எட்டின வரைக்கும் மலை. அதில் தேயிலைக்கு இடம் இருக்கிறது. உல்லாசப் பயணிகளின் பங்களாவுக்கு இடம் இருக்கிறது, அதற்குக் கார் நிறுத்தவும் இடம் இருக்கிறது. கொழுந்து பறிக்கிறவளுக்கு மட்டும் இடம் இல்லையாம். வெட்கம் வேண்டாமா?

நிரோஷினி வகுப்புக்கு வரவில்லை. ஸ்டோருக்குப் போனேன்.

உயரமான தகரக் கூரை. அடியில் வரிசை வரிசையாகச் சேலைகள். ஒரு பக்கம் யாரோ இருமுகிறார்கள், இன்னொரு பக்கம் குளிப்பாட்டும்போது ஒரு பிள்ளை அழுகிறது. எல்லாம் எல்லாருக்கும் கேட்கிறது. ஒரு நீலச் சேலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். செல்வராஜ் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்தார்.

“மன்னிச்சுக்குங்க, சொல்லாம வந்துட்டேன்” என்றேன்.

“அது பரவாயில்ல. கதவு இருந்தா தட்டியிருப்பீங்க.”

ராணி கதிரை எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நிரோஷினி மூலையில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தே பேசினாள். குரலில் கோபம் கூட இல்லை.

“கதைன்னுதானே மிஸ் கேட்டீங்க?”

என்ன சொல்லட்டும்? உன் உயிரைக் காப்பாற்றினேன் என்றா? லயம் இன்னும் விழவில்லை. விழுந்திருந்தால் எல்லாரும் என்னைக் கும்பிட்டிருப்பார்கள். விழாததால் நான் பிள்ளையிடம் வாயைப் பிடுங்கிக் கோள் சொன்னவள். விழ வேண்டும் என்று நான் நினைக்க முடியுமா? பக்கத்து லயங்களில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே கலண்டர்கள் இப்போது இன்னும் அழுத்தமாக அடிக்கப்பட்டிருக்கும்.

போன சனிக்கிழமை நிரோஷினி வந்தாள். அம்மா பிடித்துத் தள்ளி அனுப்பியிருக்க வேண்டும். முன் வரிசையில் உட்காரவில்லை. கடைசி வாங்கில், சுதனுக்கும் பின்னால் போய் உட்கார்ந்தாள். சுதன் அன்று ஒரு பகிடியும் விடவில்லை.

நான் இன்னொரு புத்தகத்தைத் திறந்தேன். ஆமைக் குடும்பம். சுவரில் பெரிய கண்ணாடி. வேறு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

“கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?”

யாரும் யாரையும் பார்க்கவில்லை. யாரும் யாரோடும் பேசவில்லை. குனிந்து எழுதினார்கள். சீக்கிரமாகவே எழுதி முடித்தார்கள்.

சுவர். எல்லாக் கொப்பியிலும் சுவர். வெள்ளைச் சுவர், புதுச் சுவர், உறுதியான சுவர். வெடிப்புக்குள் பல்லி வளர்த்த பையன் கூட ‘பின்னால் ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கீழே கோடு போட்டிருந்தான். நிரோஷினி எழுதியிருந்தாள்: ‘கண்ணாடிக்குப் பின்னால் சுவர் இருந்தது. சுவர் நன்றாக இருந்தது. ஆமைக் குடும்பம் அங்கே மகிழ்ச்சியாக வாழ்ந்தது.’

சுகந்தி டீச்சர் கொப்பிகளை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாம் ஒன்று போலவே இருந்தன. கொப்பி அடித்ததாக இந்தத் தடவை அவர் சொல்லவில்லை.

“பரவாயில்லையே மிஸ்... இப்பதான் பிள்ளைகளுக்குக் கற்பனை வருது.”